வஸ்ஸாஃபின் குதிரைகள்: ஒரு மறுவாசிப்பு

தமிழக முஸ்லிம்களின் வரலாறு பேசப்படும் மேடைகளிலும், இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டு மலர்களிலும் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. பாண்டிய மன்னர்களுக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் அரபுக் குதிரைகளை நம் முன்னோர் கொண்டுவந்து தந்தனர். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை. வழியில் இறந்த குதிரைக்கும் மன்னர் விலை தந்தார். அத்துணை நம்பிக்கை நம்மவர் மீது அவருக்கு இருந்தது என்பதே அச்செய்தி. இதற்குச் சான்றாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும், வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் காட்டப்படுகின்றனர். அவ்விருவரும் எழுதியவற்றை முழுமையாகப் படித்தால், நாம் பெருமைப்படும் செய்திக்கு அடுத்த வரியிலேயே நம்மைச் சங்கடப்படுத்தும் செய்தியும் இருப்பதைக் காணலாம். அதனை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் எடுத்தாளுவது ஆய்வு நெறியன்று. இரண்டையும் சேர்த்தே உரைத்துப் பார்க்க வேண்டும்.

வஸ்ஸாஃபின் இயற்பெயர் அப்துல்லாஹ் இப்னு ஃபள்லுல்லாஹ். ஷீராஸ் நகரத்தவர், மங்கோலிய இல்கான்களின் ஆட்சியில் வருவாய்த் துறைப் பணியில் இருந்தவர். தம் வரலாற்று நூலை ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக எழுதினார். 1312இல் சுல்தான் உல்ஜாய்த்துவின் அவையில் அதனைப் படித்துக் காட்டியபோது, சொல்லலங்காரம் மிகுந்த அந்நடை சுல்தானுக்கு விளங்காமற்போக, அமைச்சர் ரஷீதுத்தீன் இடையிடையே விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததாம். ஒரு செய்தியை நேரே சொல்வதைவிட அணிபெறச் சொல்வதே அவருக்கு முதன்மை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று: அவர் மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் சோழமண்டலக் கரைக்கு வந்தவரல்லர். கீஷ் தீவின் வணிகர்களும், அவர்களுடைய கணக்கர்களும் சொல்லக் கேட்டு எழுதியவர்.

அவர் தரும் செய்தி இது. கீஷ் தீவின் அதிபரான மலிகுல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ, தம் சொந்தக் குதிரைகளில் 1,400ஐ ஆண்டுதோறும் மஅபருக்கு அனுப்புவதென்றும், கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் முதலான இடங்களில் கிடைக்கும் குதிரைகளையும் சேர்த்து அனுப்புவதென்றும் ஒப்பந்தம். விலை குதிரையொன்றுக்கு 220 தீனார். கடற்பயணத்தில் குதிரைக்கு ஊனம் நேர்ந்தாலோ, இறந்தாலோ அதன் விலை அரச கருவூலத்திலிருந்து தரப்படும். பிறகு அவர் சொல்கிறார்: அத்தாபக் அபூபக்ர் காலத்தில் இவ்விடங்களிலிருந்து மஅபருக்கும், கம்பாயத்துக்கும், அவற்றை அடுத்த துறைமுகங்களுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் ஏற்றுமதியாயின, அவற்றின் மதிப்பு 22 இலட்சம் தீனார்.

நம் மேடைகளில் சொல்லப்படுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் கவனித்திருப்பர். பத்தாயிரம் என்பது பாண்டிய நாட்டுக்கு மட்டும் உரிய எண்ணிக்கையன்று. குஜராத்தின் கம்பாயத்தும் பிற துறைகளும் அதில் அடக்கம். மேலும், பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியை ஆண்ட அத்தாபக் அபூபக்ரின் காலம் 1260இல் முடிந்துவிட்டது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் பட்டமேறியதோ 1268இல். ஆக, ஜமாலுத்தீனின் 1,400 குதிரைகள் ஒரு காலத்துக் கணக்கு; பத்தாயிரம் என்பது அதற்கு ஒரு தலைமுறை முற்பட்ட செவிவழிக் கணக்கு. 22 இலட்சம் என்பதோ எவரும் எண்ணிப் பார்த்த தொகையன்று. பத்தாயிரத்தை 220ஆல் பெருக்கினால் வருவது. வருவாய்த் துறைக் கணக்கரின் கை அதில் தெரிகிறது.

மார்க்கோ போலோவின் நிலை வேறு. அவர் 1290களின் முற்பகுதியில், சீனத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் இக்கரையைக் கடந்தவர். இன்று சென்னை மாநகரின் பகுதியாக விளங்கும் மயிலாப்பூரைப் பற்றி அவர் எழுதியிருப்பது, அவர் எந்த அளவு நம்பத்தக்கவர் என்பதை அறிய உதவும். தோமா அடக்கம் செய்யப்பட்ட அச்சிற்றூரில் மக்கள் சிலரே வாழ்கின்றனர். வணிகச் சரக்கு அதிகமில்லாமையால் வணிகரும் அதிகம் வருவதில்லை என்கிறார். முஸ்லிம்களும் அவ்விடத்தை மதித்து வந்து செல்கின்றனர் என்றும், தோமாவை அவர்கள் 'அவாரியன்' என்று அழைப்பதாகவும் குறிப்பிடுகிறார். அவருடைய ஐரோப்பிய வாசகர்க்கு இச்சொல் விளங்கியிருக்க வாய்ப்பில்லை. நமக்கு விளங்கும். ஈஸா நபி (அலை) அவர்களின் சீடர்களைத் திருக்குர்ஆன் 'ஹவாரிய்யூன்' என்று அழைக்கிறது. ஆல இம்ரான், அல்மாயிதா, அஸ்ஸஃப் ஆகிய அத்தியாயங்களில் அச்சொல்லைக் காணலாம். இத்தகைய சொல்லைக் கற்பனையாற் புனைய இயலாது. அரபு பேசத் தெரிந்த ஒருவரிடம் அவர் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆகவே, போலோவுக்குச் செய்தி தந்தோரில் முஸ்லிம் வணிகரும் இருந்தனர் எனக் கொள்வதில் தவறில்லை. குதிரைச் செய்தியைப் படிக்கும்போது இது நமக்குப் பயன்படும்.

போலோ சொல்வதாவது: மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், அவருடைய சகோதரர் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஹுர்முஸ், கீஷ், ழஃபார், ஸுஹார், ஏதன் ஆகிய இடங்களின் வணிகர்கள் கொண்டுவருகின்றனர். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட எஞ்சுவதில்லை. காரணம், அவற்றைப் பேணத் தெரிந்தவர் அங்கே இல்லை. இலாடம் அடித்துக் குதிரை வைத்தியமும் பார்ப்பவரை அங்குச் செல்ல வணிகர்கள் விடுவதில்லை. குதிரைகள் இறப்பதே அவர்களுக்கு இலாபம்.

ஐந்து சகோதரர், ஆளுக்கு இரண்டாயிரம். ஆக மொத்தம் பத்தாயிரம். வஸ்ஸாஃபும் போலோவும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே எண்ணைத் தருவதால் அது மெய்யென்பர் சிலர். ஆனால், வஸ்ஸாஃபின் பத்தாயிரம் வேறு காலத்தது, வேறு பரப்பினது என்று மேலே கண்டோம். இருவரும் கேட்டது வளைகுடாத் துறைமுகங்களில் வழங்கிய ஒரு முழு எண், அவ்வளவே. 'பத்தாயிரம்' என்று சொன்னால் 'மிகப் பல' என்று பொருள்கொள்ளும் வழக்கு எந்த மொழியிலும் உண்டு. கடல் வணிகத்தின் நடைமுறையை எண்ணிப் பார்ப்பதும் நலம். ழஃபாரிலிருந்து இந்தியக் கரைக்கு நல்ல காற்றில் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதை இப்னு பதூதாவின் பயண நூலால் அறிகிறோம். நாளொன்றுக்கு ஒரு குதிரைக்கு முப்பது லிட்டர் நீர் என்று வைத்தாலும், நூறு குதிரைகளுக்கு ஒரு மாதத்தில் தொண்ணூறாயிரம் லிட்டர். கயிற்றால் தைத்த மரக்கலங்களில் இவ்வளவு நீரையும், அதன்மேல் தீவனத்தையும் ஏற்றி, குமரியைச் சுற்றிக் காயல் துறைக்கு வருவது எளிய செயலன்று. குதிரைகள் வழியில் இறந்தன என்பதில் ஐயமில்லை. பத்தாயிரம் வந்தன என்பதில்தான் ஐயம்.

இனி, தமிழர்க்குக் குதிரை பேணத் தெரியாது என்ற குற்றச்சாட்டு. வஸ்ஸாஃப் இதனை விரிவாகவே எழுதுகிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும், நெய்யிட்டுச் சமைத்த தானியமும் கொடுக்கிறார்கள். காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைக்கிறார்கள் என்று வியக்கிறார். போலோவோ இறைச்சியும் சோறும் கலந்து கொடுப்பதாகச் சொல்கிறார். அரபு நாட்டுக் குதிரைக்காரனுக்கு இவை விந்தையாகவும் மடமையாகவும் தோன்றியிருக்கலாம். ஆனால், இவை மடமையல்ல, வேறொரு மரபு. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் குதிரை மேற்பார்வையாளனுக்குரிய அதிகாரத்தில், அரைவேக்காட்டு அரிசியும் வாற்கோதுமையும், அவித்த பயறும், கொழுப்பும், உப்பும், இறைச்சியும், தயிரும் இத்தனை இத்தனை அளவு எனக் கணக்கிட்டே விதிக்கிறது. சாலிஹோத்திரர், நகுலன் பெயர்களில் வழங்கும் அசுவ சாஸ்திர நூல்களும் இம்மரபினவே. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் நகுலனின் நூலை வண்ணப் படங்களுடன் வெளியிட்டுள்ளது. பிற்காலத்தில் முஸ்லிம் அரசர்களின் அவைகளில் சாலிஹோத்திரம் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டதை நோக்கினால், நம்மவரே அம்மரபை மடமையென்று தள்ளிவிடவில்லை என்பது தெளிவாகும்.

வாற்கோதுமை நம் கடற்கரையில் விளையாது என்ற எளிய உண்மையையும் வஸ்ஸாஃப் அறிந்தவராகத் தெரியவில்லை. இங்கு விளைவது கொள்ளு. அதனை வேகவைத்தே குதிரைக்குக் கொடுக்க வேண்டும். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயர் சென்னையிலும் ஆற்காட்டிலும் குதிரைப்படை வைத்தபோது, இங்கிலாந்திலிருந்தா ஓட்ஸ் தானியம் கொண்டுவந்தனர்? அவித்த கொள்ளைத்தான் கொடுத்தனர். ஆங்கிலத்தில் கொள்ளுக்கு ஏற்பட்ட பெயரே குதிரையோடு சேர்ந்த பெயராக இருப்பதைக் காண்க. ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைக் கரையில் வந்திறங்கிய வேலர் இனக் குதிரைகளும் இத்தீவனத்துக்குப் பழகின. சமைத்த தானியம் தின்றதால் குதிரை கெட்டது என்றால், சென்னைக் குதிரைப்படை முழுவதும் கெட்டிருக்க வேண்டும்.

தீவனத்தில் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. பெரிய அரபுப் பெட்டைக்கும் இங்குக் கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியே பிறக்கிறது என்று போலோ எழுதியது வீண்பழியாக இருக்காது. தவிடும் அரிசியும் மிகுந்த தீவனத்தில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் குதிரையின் எலும்பு நலியும் என்பது இன்றைய கால்நடை மருத்துவம் நன்கறிந்த செய்தி. ஈக்களால் பரவும் சுர்ரா நோய் இந்நாட்டில் குதிரைகளைக் கொன்றுவந்ததன் காரணத்தை கிரிஃபித் எவன்ஸ் 1880இல்தான் கண்டறிந்தார். பாண்டியன் காலத்துக் குதிரை வைத்தியனை இதற்காகப் பழிப்பது நீதியன்று.

வஸ்ஸாஃபின் கூற்றுகளுள் அரபு கற்றோர் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வந்திறங்கிய குதிரைகளை முளையடித்துக் கயிற்றால் கட்டி, நாற்பது நாள் கொட்டிலில் நிறுத்திக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு பயிற்சியேதுமின்றி ஏறிக்கொண்டு பேய்போல் ஓட்டுகிறார்கள் என்கிறார். இந்த நாற்பது நாள் நமக்குப் புதியதன்று. அரபிகளின் குதிரைப் பயிற்சியில் 'தழ்மீர்' என்பது புகழ்பெற்ற முறை. குதிரையைக் கொழுக்கும் வரை தீனியிட்டு, பின் தீவனத்தைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்துச் சதையை இறுக்குவது. ஜவ்ஹரியின் 'ஸிஹாஹ்' அகராதி இதற்கு நாற்பது நாள் என்றே காலம் குறிக்கிறது. தழ்மீர் செய்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், செய்யாதவற்றுக்கு அதனினும் குறைந்த தொலைவும் வைத்து நபி (ஸல்) அவர்கள் பந்தயம் நடத்திய செய்தி, இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஹதீஸ் வகுப்பில் இதனை ஓதாத மாணவர் இருக்க முடியாது.

அவ்வாறாயின், பாண்டியன் கொட்டிலில் நடந்தது எது? கடலில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றபடியே வந்து, எலும்பும் தோலுமாக இறங்கிய குதிரையை நாற்பது நாள் கட்டிவைத்துத் தேற்றுவது மடமையன்று. எவரும் செய்ய வேண்டியதே. எண்ணிக்கையும் தழ்மீரின் எண்ணிக்கையாகவே இருப்பதால், குதிரையோடு வந்த அரபுக் குதிரைக்காரரே இம்முறையின் முதற்பாதியைக் கற்பித்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. இரண்டாம் பாதியான இளைக்க வைத்தலும் பயிற்சியும் நடைபெறாமற் போயினவா? அல்லது, சரக்கை ஒப்படைத்துவிட்டுப் பருவக்காற்றோடு திரும்பிச் சென்ற வணிகன் முதற்பாதியை மட்டுமே கண்டு சென்று ஷீராஸில் கதை சொன்னானா? என் கருத்து பின்னதன்பாற் சாய்கிறது. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்னும் நம் பழமொழி, உடலை இறுக்கும் தீவனம் எது என்பதை இந்நாட்டார் அறிந்திருந்தனர் என்பதற்குச் சிறு சான்று.

எல்லாக் குதிரைகளும் ஆண்டுக்குள் இறந்தன, எஞ்சியவை எதற்கும் உதவாதவை என்ற கூற்றுக்கு எதிராக, அதே தலைமுறையில் எழுதிய ஒருவர் இருக்கிறார். 1311இல் மாலிக் கஃபூர் தென்னகப் படையெடுப்பை முடித்துத் திரும்பியபோது கொண்டுசென்றவற்றை அமீர் குஸ்ரூ பட்டியலிடுகிறார். 512 யானைகளோடு 5,000 குதிரைகள் அதில் உள்ளன. ஹொய்சளரிடம் பெற்றவையும் அதில் சேரும் என்பது உண்மையே. பின்னர் எழுதிய பரனீ அதனை இருபதாயிரமாக உயர்த்துவதை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும், தில்லிப் படைத்தலைவன் உதவாக் குதிரைகளை ஆயிரம் கல் தொலைவு ஓட்டிச் செல்லமாட்டான்.

இப்போது சங்கடமான இடத்துக்கு வருவோம். இலாடக்காரரை வணிகர்கள் வரவிடாமல் தடுத்தனர் என்ற போலோவின் கூற்று உண்மையாயின், அது நாம் மலர்களில் அச்சிட்டுப் பெருமைப்பட வேண்டிய செய்தியா? ஈரத்தை உள்ளே மறைத்த தானியக் குவியலில் கையை நுழைத்துப் பார்த்து, மோசடி செய்வோர் நம்மைச் சார்ந்தோரல்லர் என்று கண்டித்த நபியின் உம்மத் நாம். குதிரை ஒருவனுக்கு நற்கூலியாகவும், ஒருவனுக்குக் காப்பாகவும், ஒருவனுக்குப் பாவச்சுமையாகவும் ஆகும் என்று அவர்களே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். வாங்கியவனின் அறியாமையை வளர்த்து விற்பனையைப் பெருக்கிய வணிகம் இம்மூன்றில் எதில் சேரும்? போலோவை நம்பினால் பெருமை போகிறது. போலோவை நம்பாவிட்டால், அவர் தரும் எண்ணிக்கையையும் விலையையும் மட்டும் நம்புவது எவ்வாறு? இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள இயலாது.

போலோவின் குற்றச்சாட்டு வலுவற்றது என்றே நான் கருதுகிறேன். குதிரை ஏற்றுமதி செய்த ஏதனை ஆண்ட ரசூலீ மரபில், அல்மலிகுல் அஷ்ரஃப் உமர் என்னும் மன்னரே குதிரை வைத்தியம் பற்றி 'அல்முக்னீ' என்ற நூலை இயற்றினார். 1296இல் இறந்த அவர் போலோவின் காலத்தவரே. வைத்தியம் மறைபொருளாக இருக்கவில்லை. கீஷ், ஹுர்முஸ், ஏதன் ஆகியவை ஒன்றோடொன்று போட்டியிட்ட துறைகள். அவை கூடிப் பேசி ஒரு தொழிலாளரையும் கடல் கடக்க விடாமல் தடுப்பது நடைமுறையில் இயலாத செயல். வாங்கியோர் சொன்ன வசைமொழி ஒன்றைப் போலோ அப்படியே எழுதிவைத்தார் என்பதே பொருத்தமாகப் படுகிறது. விற்பவன் சொன்ன இகழ்ச்சி வஸ்ஸாஃபின் ஏட்டில் ஏறியது. வாங்கியவன் சொன்ன ஐயம் போலோவின் ஏட்டில் ஏறியது.

அவ்வையம் தமிழிலும் பதிவாகியிருக்கிறது. பாண்டியன் தந்த பொன்னோடு குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரர், அப்பொன்னைக் கோயிலுக்குச் செலவிட, இறைவன் குதிரை வணிகனாக வந்து நரிகளைப் பரிகளாக்கித் தந்த கதையைத் திருவிளையாடற் புராணம் பாடுகிறது. இரவில் பரிகள் மீண்டும் நரிகளாகிக் கொட்டிலிலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. சைவ அன்பர்க்கு அது பக்திக் கதை. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. ஆனால், அக்கதையில் 'கயிறு மாறுதல்' என்னும் வணிக வழக்கம் இடம்பெறுவது நம் கவனத்துக்குரியது. விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்குக் கயிறு மாறிவிட்டால், அதன்பின் குதிரைக்கு எது நேர்ந்தாலும் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. ஃபிக்ஹு நூல்களில் 'கப்ழ்' எனப்படும் கைக்கொள்ளல் இதுவேதான். கைக்கொள்ளலுக்கு முன் விற்ற பொருள் தானே அழிந்தால் நட்டம் விற்றவனையே சாரும், விற்பனை முறிந்துபோகும். கடற்கரை மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபும் இதில் ஒன்றுபடுகின்றன.

அப்படியானால், வழியில் இறந்த குதிரைக்கு மன்னர் விலை தந்தது எந்தச் சட்டப்படி? தமிழ் வழக்கப்படியும் அன்று, ஃபிக்ஹின்படியும் அன்று. ஸலம் எனப்படும் முன்பண விற்பனையாகக் கொண்டாலும், விலங்குகளில் அது ஷாஃபிஈகளுக்கே செல்லும். அதிலும் பொருளைக் கொண்டுவந்து ஒப்படைப்பது விற்பவன் கடமை. இது விற்பனையே அன்று, வகாலத் என்று கொண்டால் மட்டுமே பொருந்தும். அதாவது, ஜமாலுத்தீன் மன்னரின் முகவராக நின்று அவருக்காகக் குதிரை திரட்டினார். முகவர் கையிலுள்ள பொருள் அமானிதம். அவர் தவறின்றி அது அழிந்தால் நட்டம் உரியவருக்கு. ஆனால், முகவர் தமக்கென்று நிலைத்த விலையாக 220 தீனார் பேசிக்கொள்வது வகாலத்தில் இல்லை. இலாபத்தில் வணிகராகவும், நட்டத்தில் முகவராகவும் நின்ற ஒப்பந்தம் அது.

இத்தகைய சலுகை எப்படிக் கிடைத்தது? ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகிய்யுத்தீன் அப்துர்ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்து, ஃபத்தன், மலீஃபத்தன், காயல் ஆகிய துறைகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர் என்பதை வஸ்ஸாஃபே சொல்கிறார். விற்பவர் அண்ணன், விலைக்குப் பொறுப்பான துறைமுக அதிகாரி தம்பி என்ற நிலையில் எவருக்கும் ஐயம் எழும். நம்பிக்கையின் அடையாளம் என்று நாம் கொண்டாடும் நிபந்தனையைப் பிறர் உறவுச் சலுகை என்பர். மறுக்கச் சட்ட நூல் நமக்குத் துணைவராது.

ஆனால், வரலாறு துணைவருகிறது. சாளுவ நரசிம்மன் 1485 முதல் 1491 வரை விஜயநகரத்தை ஆண்டவன். ஹுர்முஸிலிருந்தும் ஏதனிலிருந்தும் வந்த குதிரைகளை உயிருடனோ பிணமாகவோ, மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் என அவன் ஏற்றுக்கொண்டதாக, அடுத்த நூற்றாண்டில் போர்த்துகீசியரான நூனிஸ் எழுதினார். அங்கே அமைச்சர் எவரும் வணிகரின் உடன்பிறந்தார் அல்லர். ஆகவே இந்நிபந்தனை ஒரு குடும்பத்தின் சூழ்ச்சியன்று. எதிரியிடமும் குதிரைப்படை இருக்க, தன் நாட்டில் நல்ல குதிரை பிறக்காத நிலையில், போர் மூண்டிருக்கும் மன்னன் கடலின் ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டால்தான் வணிகன் கலமேறுவான். அதனை அறிந்தே இரு மன்னரும் விலை தந்தனர். எனினும் கண்ணை மூடிக்கொண்டு தரவில்லை. அமானிதம் பெற்றவர் பொருள் அழிந்ததெனச் சத்தியம் செய்தால் ஃபிக்ஹு ஏற்றுக்கொள்ளும். நரசிம்மனின் அதிகாரிகளிடம் கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. பாண்டியன் கருவூலத்தில் தகிய்யுத்தீன் தம் அண்ணனிடம் என்ன சான்று கேட்டார் என்பதை வஸ்ஸாஃப் எழுதவில்லை.